சுத்தமான முறிவு

எலும்பு காயக் கூடாது. அந்த லேப்பில் வேலைக்குச் சேருகிற எவரும் முதல் நாள் காதில் வாங்குகிற வார்த்தை இதுதான். கை கழுவினாயா, கையுறை போட்டாயா என்பதெல்லாம் அப்புறம். ஃப்ரீஸரிலிருந்து வெளியே எடுத்ததிலிருந்து இயந்திரத்தில் வைத்து ஒடிக்கிறவரை எலும்பு உப்புநீரில் நனைத்த துணிக்குள்ளேயே இருக்க வேண்டும். துணி காய்ந்தால் திட்டு விழும். திட்டுகிறவளுக்கு ‘ஈரத்துணி’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

வேலை என்னவோ கேட்பதற்கு எளிதுதான். இடுப்பு மூட்டு தேய்ந்துபோனவர்களுக்கு ஆஸ்பத்திரியில் மூட்டை மாற்றுகிறார்கள் இல்லையா, அப்போது வெட்டியெடுக்கிற தொடை எலும்பின் மேல்துண்டு, அவரவர் சம்மதத்தோடு, இங்கே வந்து சேரும். அதன் கெட்டியான சுவரைத் தீக்குச்சி அளவுக்குச் சின்னச் சின்னக் குச்சிகளாக அறுக்க வேண்டும். குச்சியின் இரண்டு முனைகளையும் தாங்கிகளில் வைத்து, நடுவில் அழுத்திக்கொண்டே போய், எவ்வளவு பாரத்தில் ஒடிகிறது என்று பார்க்க வேண்டும். இதில் சங்கடம் ஒன்றுதான். ஈரமான எலும்பு லேசில் விட்டுக்கொடுக்காது. வளையும், ஒரு பக்கம் கீறல் விட்டு மறுபக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும், கடைசியில் பச்சைக் குச்சி மாதிரி நார் நாராகப் பிய்ந்துகொண்டு ஒடியும். காய்ந்த எலும்புக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. சாக்பீஸ் மாதிரி டக்கென்று இரண்டாகிவிடும். ஒடிந்த முகம் கத்தி வைத்து நறுக்கியதுபோல மழமழவென்று இருக்கும்.

ஆகவே ஈரத்துணி ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். முறிவு பிசிறில்லாமல் சுத்தமாக இருந்தால் அந்தக் குச்சி நடுவில் எங்கேயோ காய்ந்துபோயிருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஜன்னலோரத்து எவர்சில்வர் தட்டில் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். தட்டுக்குக் குப்பைத்தட்டு என்றே பெயர். குப்பையைத் தயங்காமல் எறியத் தெரிந்தவன்தான் ஆராய்ச்சி பண்ண லாயக்கு என்று அவள் கூட்டங்களில் சொல்வாள். எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டாமல் என்ன செய்வார்கள், கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது.

அந்த வருஷம் தட்டு அடிக்கடி நிரம்பியது.

பழியெல்லாம் ரம்பத்தின் தலையில் விழுந்தது. ரம்பம் என்பது ஒரு மனிதர். எலும்பு அறுக்கும் மெஷின் அவர் பொறுப்பு. வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் காதையும் அறுப்பார். இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே பெயராகப் போயிற்று. அவருடைய மைத்துனர் வீடு கட்டிய கதை அந்தக் கட்டடத்தில் அனைவருக்கும் மனப்பாடம்.

“துணிய நனைங்கன்னா சும்மா தடவிட்டு விட்டுடுறீங்க,” என்றாள் ஈரத்துணி. அன்று காலையில் ஒடித்த முதல் குச்சியே சுத்தமாக ஒடிந்து, அவள் கையிலிருந்த இடுக்கியில் இருந்தது.

“மேடம், எங்க வீட்டுச் செடிக்குக்கூட நான் இவ்வளவு தண்ணி ஊத்தினதில்ல. இது பிளேடோட வேலை. மொக்க ஆயிடுச்சு, மாத்திக் குடுங்கன்னு கரடியா கத்திக்கிட்டு இருக்கேன்.”

“பிளேடு மொக்கையானா குச்சி கோணலா வரும். இப்படி ஒடியாது.”

“அப்ப நான்தான் வேணும்னு வெயில்ல காய வெக்கிறேனா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“வேற எப்படிச் சொன்னீங்க?” என்றுவிட்டு ரம்பம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அவர் பேசாமல் இருப்பதே ஒரு தண்டனை மாதிரிதான் இருக்கும், பேசுவதும் அப்படித்தான்.

இந்தச் சண்டைக்கெல்லாம் மூலகாரணம் ஒரு மாத்திரை. எலும்பு மெலிந்துபோகிறவர்களுக்கு, முக்கியமாக ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு, வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற மாத்திரை. கடைக்கு வந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. சாப்பிட்டால் ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி ஏறும், அதில் சந்தேகமே இல்லை. அடர்த்தி ஏறினால் பலமும் ஏறுகிறதா என்பதுதான் லேப்புக்கு வந்த கேள்வி. மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்களின் எலும்பும் சாப்பிடாதவர்களின் எலும்பும் கலந்து வந்தன. டப்பா மூடி ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. எந்த மூடி யாருடையது என்று லேப்பில் ஒருவருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் கை தானாக ஒரு பக்கம் சாயும் என்பதால் இப்படி மறைத்துவைப்பது முறைதான். அறுத்த குச்சியின் நுனியில் அந்தந்த நிறத்தில் ஒரு பொட்டு வைப்பார்கள், அவ்வளவுதான் அடையாளம்.

இதுவரை கணக்கில் நின்ற குச்சிகளைப் பார்த்தால் நீலம் வெள்ளையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கியிருந்தது. நீலம்தான் மாத்திரையாக இருக்கும் என்று டைரக்டருக்கு ஏகக் குஷி. மறுவாரம் அறிக்கை போக வேண்டும். ஈரத்துணிக்கும் குஷிதான், அவளுக்கு அதில் சொந்தக் காரணம் ஒன்று இருந்தது. அவளுடைய அக்கா அந்த மாத்திரையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவள் உட்காரும் இடதுபக்க சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. படிக்க வருகிறவர் சுவரைப் பார்த்து வண்டியை விடும்போது அக்காதான் மிதிக்க வேண்டும். அம்மா அப்பா போனபிறகு ஈரத்துணிக்கு எல்லாமே அக்காவும் மாமாவும்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அங்கேதான். போன ஞாயிறும் அப்படித்தான் போயிருந்தாள்.

“தொட வலிக்குதுடி,” என்றாள் அக்கா, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு.

“எந்தக் கால்?”

“வலது கால், பிரேக் மிதிக்கிறதுதான். புதுசா ஒரு பேங்க் மேனேஜர் கத்துக்க வர்றார். ரோட்டுல நாய் நின்னா நாய்தான் ஒதுங்கணுமாம். அவருக்கும் சேத்து நான் மிதிச்சுட்டு வர்றேன்.”

மாமா சமையலறையிலிருந்து, “அவ அந்த மேனேஜரப் பத்தி என்கிட்ட பேசினத விட நாயப் பத்திதான் அதிகம் கவலப்பட்டா,” என்றார்.

ஈரத்துணி தொடையை மேலிருந்து கீழே அமுக்கிப் பார்த்தாள். நடுத்தொடையில் வெளிப்பக்கமாக விரல் பட்டதும் அக்கா சுளித்தாள்.

“தசப் பிடிப்பு. வெந்நீர் ஒத்தடம் குடு, சரியாயிடும்.”

“அந்த மாத்திரைய ரெண்டு வாரம் விட்டுப் பாக்கவா? ஒருவேள அதுதான் ஒத்துக்கலையோ என்னவோ.”

“அத மட்டும் விடாதக்கா. நாங்களே வெச்சு டெஸ்ட் பண்றோம், எனக்குத் தெரியாதா? உன் ஸ்கேன்ல நம்பர் ஏறியிருக்கா இல்லையா?”

“ஏறியிருக்கு.”

“அப்புறம் என்ன.”

அக்கா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தங்கை படித்தவள், அதுவும் எலும்பையே கட்டிக்கொண்டு அழுகிறவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த வாரத்து மாத்திரையைத் தங்கை எதிரிலேயே போட்டுக்கொண்டாள்.

இனி லேப்புக்கு வருவோம். ரம்பம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்ததும் ஈரத்துணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்த மனிதரை இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

“இன்னிக்கு நான் பண்றேன். ஆரம்பத்துல இருந்து கடைசிவரைக்கும் நானே. நீங்க தொடவே வேணாம், உக்காந்து பாருங்க.”

“பாக்குறேன், தாராளமா பண்ணுங்க,” என்றார் ரம்பம்.

காலையிலேயே இளகவைத்திருந்த டப்பாக்களில் கையில் அகப்பட்டதைத் திறந்தாள். நீல மூடி. துண்டைத் துணியோடு எடுத்து உப்புநீர்ப் பாத்திரத்தில் இறக்கினாள். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்படி குழாயைத் திருப்பிவிட்டு, பிளேடைச் சாக்குச் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று புதுப் பிளேடு ஒன்றையே மாட்டி, மெதுவாக அறுத்தாள். குச்சியைக் காற்றே படாமல் துணிக்கு மாற்றினாள். இயந்திரத்தில் தாங்கிகளையே ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் பொருத்தி, தொட்டியில் உப்புநீரை நிரப்பி, குச்சியைத் தண்ணீருக்குள் வைத்தாள். இதற்குமேல் ஈரமாக வைக்க வேண்டுமென்றால் எலும்பை உடம்புக்குள்ளேயேதான் விட்டுவைத்திருக்க வேண்டும்.

ரம்பம் எட்டிப் பார்த்தார். “மீன் தொட்டி மாதிரி இருக்கு,” என்றார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் கோடு நேராக ஏறியது. நன்றாகவே ஏறியது, வெள்ளைக் குச்சிகள் வளைய ஆரம்பிக்கிற இடத்தைத் தாண்டியும் ஏறியது. அவளுக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. இனி கோடு மெல்ல மெல்லச் சாயும், எலும்பு முரண்டு பிடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு சாயவில்லை. இருந்த இடத்திலிருந்து நேரே கீழே விழுந்தது. தண்ணீருக்குள் குச்சி இரண்டு துண்டாகக் கிடந்தது.

இடுக்கியால் எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தாள். பிசிறே இல்லை. மழமழவென்று இருந்தது.

இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் ரம்பம் ஒரு வாரத்துக்குச் சொல்லிக்காட்டுகிற ஆள். அன்று “புதுப் பிளேடும்மா,” என்று மட்டும் சொன்னார். மேடம் என்று சொல்ல மறந்துபோனார்.

ஈரத்துணி ஒரு வெள்ளை மூடி டப்பாவை எடுத்தாள். அதே தண்ணீர், அதே பிளேடு, அதே தொட்டி. வெள்ளைக் குச்சி வளைந்து, இழுத்து, கீறி, முரண்டு பிடித்து, நார் நாராகத் தொங்கிக்கொண்டு ஒடிந்தது. எலும்பு எப்படி ஒடிய வேண்டுமோ அப்படி.

அவள் எழுந்து ஜன்னலோரம் போனாள். குப்பைத்தட்டைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தாள். ஒவ்வொரு குச்சியையும் நுனியைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தாள். நீலம். நீலம். நீலம். ஒரே ஒரு வெள்ளை இருந்தது, அது ஏ.சி.க்குக் கீழே மறந்துபோய் வைத்தது என்று அவளுக்கே நினைவிருந்தது. மற்றதெல்லாம் நீலம். குப்பையின் நிறத்தை யார் பார்ப்பார்கள்? தட்டு நிரம்பும், கொட்டுவார்கள், மறுபடி நிரம்பும். எத்தனை தட்டு கொட்டியிருப்பார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பாதியிலேயே விட்டுவிட்டாள்.

நீலம் யாருடையது என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அறுப்பதற்கு முன்னால் லேப்பில் எடுத்த ஸ்கேனில் நீல மூடி எலும்புகள்தான் அடர்த்தியானவை. அடர்த்தியைக் கூட்டுவதுதான் மாத்திரையின் வேலை. பழைய எலும்பைக் கரைய விடாமல் பிடித்துவைத்து அடர்த்தியைக் கூட்டுகிற மாத்திரை அது. கரையாத எலும்பு புதுப்பிக்கப்படுவதும் இல்லை. உள்ளே விழுந்த பொடிக் கீறல்கள் ஆறாமல் அப்படியே கிடக்கும், சேர்ந்துகொண்டே போகும். நம்பர் ஏறும். வெளியே பார்த்தால் கல்லு மாதிரி இருக்கும். ஒரு நாள் டக்.

இத்தனை நாளும் அந்த எலும்புகள் ஒவ்வொன்றாக வந்து அவளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. அவள் ரம்பத்தைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். உடனே அவளுக்கு அக்காவின் தொடை நினைவுக்கு வந்தது, விரல் பட்டதும் சுளித்த இடம் நினைவுக்கு வந்தது.

டைரக்டர் அறைக்குப் போனாள். அவர் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. முகம் வெளுத்துத்தான் போனது.

“தண்ணிக்குள்ள வெச்சு ஒடிச்சது எத்தன?”

“ஒண்ணு.”

“தட்டுல இருந்தத எல்லாம் விட்டுடுங்க. அதெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு இப்ப நிரூபிக்க முடியாது. ஒண்ண வெச்சு என்ன சொல்றது? ஒண்ணு விபத்து, ரெண்டு சந்தேகம், மூணு ஒரே மாதிரி ஒடஞ்சாதான் வாயத் தொறக்கணும். இந்த லேப்ல அதச் சொல்லிக்குடுத்தது யாரு?”

அவள்தான். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லியிருக்கிறாள்.

“இன்னும் ரெண்டு ஒடிங்க. மூணாவதும் அப்படியே ஒடஞ்சா அறிக்கைய நானே கிழிச்சுப் போடுறேன். அதுவரைக்கும் வெளிய ஒரு வார்த்த போகக் கூடாது. ஊரெல்லாம் சாப்பிடுற மாத்திரை. அரைகுறையா ஏதாவது பரவினா, நிஜமாவே தேவைப்படுறவங்களும் நிறுத்திடுவாங்க.”

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் கொடுமை. அவளே அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

நடைபாதைக்கு வந்து போனை எடுத்தாள். அக்காவின் பெயரைத் தொட்டாள். மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டாள். என்ன சொல்வது? காலை ஊன்றாதே, அப்படியே உட்கார், நான் வருகிறேன் என்றா? நிச்சயமாத் தெரியுமாடி என்று அக்கா கேட்பாள். இல்லை, சந்தேகம்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். வண்டியில் ஆள் உட்கார்ந்திருக்கும், சாலையில் போய்க்கொண்டிருப்பாள், பயந்துபோய் வேறு ஏதாவது ஆகிவிட்டால்? போன ஞாயிறு மாத்திரையை விடாதே என்று அடித்துச் சொன்ன வாயால் இன்று மாற்றிச் சொல்வதானால் கையில் ஏதாவது வேண்டாமா? இன்னும் இரண்டே இரண்டு. சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். நேரே அக்கா வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, பதறாமல் சொல்லலாம். இத்தனை மாதம் தாங்கிய கால் இன்று ஒரு நாள் தாங்காதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

ஃப்ரீஸரிலிருந்து இன்னும் இரண்டு நீல மூடி எலும்புகளை எடுத்தாள். உறைந்தது மெதுவாகத்தான் இளகும். அவசரப்பட்டு வெந்நீரில் போட்டால் எலும்பின் குணம் மாறிவிடும், பிறகு அதையும் யாராவது குற்றம் சொல்வார்கள். எதிரே உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் மேஜையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்தது. ஒரு எலும்பு இளகுவதற்கு இத்தனை நேரமா என்று அவளுக்கு அன்றுதான் தோன்றியது.

அறுத்தாள். இரண்டாவது குச்சியைத் தொட்டியில் வைத்தாள். கோடு ஏறியது, நின்றது, விழுந்தது. சுத்தமான முறிவு.

ரம்பம் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார். கதவு சரியாகச் சாத்தாததால் பேச்சு உள்ளே கேட்டது. “அத்தை, நான்தான் பேசுறேன். நீங்க எலும்புக்கு வாரம் ஒண்ணு ஒரு மாத்திர சாப்பிடுறீங்கல்ல? தொடையில ஏதாவது வலி இருக்கா? இல்லையா? சரி, எதுக்கும் ரெண்டு நாளு ரொம்ப நடக்க வேணாம். ஏன்னு அப்புறம் சொல்றேன். எனக்கே சரியாத் தெரியல.”

அவர் உள்ளே வந்ததும் ஈரத்துணி சீறினாள். “டைரக்டர் என்ன சொன்னார்? நிச்சயமாகுறதுக்கு முன்னாடி ஊரக் கூட்டிடாதீங்க.”

“ஊர எங்க கூட்டினேன், எங்க அத்தையத்தான கூட்டினேன்,” என்றார் ரம்பம். “வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலைங்க.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி பண்ணினால் உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே மூன்றாவதை அறுத்து, தண்ணீருக்குள் தாங்கிகளின் மேல் நிறுத்தினாள். மேலிருந்து அழுத்துகிற முனை குச்சியைத் தொட்டும் தொடாமலும் வந்து நின்றது. பொத்தானில் விரலை வைத்தாள்.

அப்போது போன் அடித்தது. மாமா.

“பாப்பா, எங்கம்மா இருக்க?” மாமா எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர். குரலில் நிதானமே இல்லை. “அக்கா விழுந்துட்டா. கால் ஒடஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்குத்தான் போயிட்டிருக்கோம். ஆம்புலன்ஸ்ல இருக்கேன்.”

எந்தக் கால் என்று அவள் கேட்கவில்லை.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் திரைச்சீலைக்குப் பின்னால் அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். வலதுகாலுக்கு இரண்டு பக்கமும் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். வலிக்கு ஊசி போட்டிருந்ததால் கண் செருகியிருந்தது. ஆனாலும் தங்கையைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“வாடி. நீயாவது கேளு. நான் வழுக்கி விழலடி. யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறாங்க. வண்டியில இருந்து எறங்கி நின்னேன். மேனேஜர் இன்னிக்கு நல்லா ஓட்டினார், பாராட்டலாம்னு திரும்பினேன். அவ்வளவுதான். நிக்கும்போதே கால் ஒடஞ்சுது. ஒடஞ்சதுக்கப்புறம்தான் விழுந்தேன். சும்மா நிக்கிற கால் எப்படிம்மா ஒடியும்னு இந்தப் பொண்ணு கேக்குது.”

இந்தப் பொண்ணு என்றது பணியிலிருந்த இளம் டாக்டரை. “வலியில அப்படித்தான் தோணும் மேடம்,” என்றாள் அவள் தங்கையிடம் தணிந்த குரலில். “விழுந்துதான் ஒடஞ்சிருக்கும். பாருங்க.” சுவரில் இருந்த திரையில் எக்ஸ்ரே தெரிந்தது. தொடை எலும்பு நடுவில் குறுக்கே நேராக ஒடிந்திருந்தது. பிசிறில்லை, சில்லு இல்லை.

தங்கை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ நம்புறியாடி?” என்றாள் அக்கா.

“நம்புறேன்க்கா. நீ சொன்னபடிதான் நடந்திருக்கு.”

“அப்பாடா, ஒருத்தியாவது நம்பினா,” என்று அக்கா கண்ணை மூடினாள்.

நர்ஸ் ஒருத்தி புது விரிப்போடு வந்தாள். “அம்மா, நல்ல கால மடக்கி ஊனிக்கிட்டு, இடுப்ப மட்டும் கொஞ்சம் தூக்குங்க. ஒரு நிமிஷம்தான், துணிய உருவிடுறேன்.” அக்கா பணிவாக இடதுகாலை மடக்கத் தொடங்கினாள். மடக்கும்போது முகம் சுளித்தது. “இந்தக் காலும் கொஞ்ச நாளா வலிக்குதும்மா. இது பிரேக்கே மிதிக்கிறதில்ல, இதுக்கு என்ன கேடோ.”

“ஊனாத,” என்றாள் தங்கை.

அவள் கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நர்ஸின் கையைத் தள்ளிவிட்டு அக்காவின் இடதுகாலை இரண்டு கையாலும் பிடித்து, நீட்டி, மெத்தையில் வைத்தாள். வைத்தபின்பும் கையை எடுக்கவில்லை. டாக்டரைப் பார்த்து, அந்தக் காலையும் எக்ஸ்ரே எடுங்கள், எடுக்கிறவரை ஒரு அடிகூட நிற்க வைக்காதீர்கள் என்றாள். ஏன் என்று டாக்டர் கேட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? மாத்திரை, நீல மூடி, தட்டு, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னாள். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. டாக்டர் பாதியிலேயே எக்ஸ்ரே ஆளைக் கூப்பிடப் போனாள்.

படம் வந்தது. இடது தொடையின் வெளிப்பக்கச் சுவரில் ஒரு சின்னப் புடைப்பு, அதற்கு நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. பார்த்துப் பழகாதவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அந்த எலும்புக்குள்ளும் ஒரு கம்பி வைத்துவிடலாம், ஒடிவதற்கு முன்னால் தெரிந்தது நல்லதாகப் போயிற்று என்றார். நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்று தங்கையைப் பாராட்டவும் செய்தார். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இருந்ததாலதாம்மா இந்தக் காலாவது தப்பிச்சுது,” என்று கண் கலங்கினார். கையெழுத்துப் போட அவரை அழைத்துப் போனார்கள்.

திரைக்குள் அக்காவும் தங்கையும் மட்டும் இருந்தார்கள். அக்கா தூங்கிவிட்டாள் என்றுதான் அவள் நினைத்தாள்.

“எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்,” என்றாள் அக்கா கண்ணைத் திறக்காமல். “உனக்கு இது எப்பத் தெரியும்?”

“இன்னிக்குத்தான்.”

“இன்னிக்குன்னா எப்ப?”

பொய் சொல்லலாம். சாயங்காலம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளால் முடியவில்லை.

“மத்தியானம். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி.”

“நான் விழுந்தது சாயங்காலம்டி.”

“தெரியும்க்கா. அப்ப ஒண்ணுதான் ஒடஞ்சிருந்துது. ஒண்ண வெச்சு எதுவும் சொல்லக் கூடாது. மூணு ஒரே மாதிரி ஒடஞ்சாதான் நிச்சயம். அதுக்கப்புறம்தான் வெளிய சொல்லணும், அதுதான் முறை. போன எடுத்தேன்க்கா. எடுத்துட்டு வெச்சுட்டேன்.”

அக்கா கண்ணைத் திறந்தாள். திட்டுவாள் என்று தங்கை காத்திருந்தாள். திட்டினால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

“எத்தன ஒடஞ்சுது?”

“ரெண்டு. மூணாவத வெக்கும்போது மாமா போன் பண்ணிட்டார்.”

“என்னோடதையும் சேத்தா மூணு ஆயிடுச்சுல்ல,” என்றாள் அக்கா. “இனிமே வெளிய சொல்லலாம்.”